இரவல் டயர்

ஈ. எஃப், பி. டி, ஓ, இசட். எல், பி, ஈ, டி. இதுவரை தண்ணீர் பட்ட பாடு. ஐந்தாவது வரியில்தான் இடறுகிறது. பி, ஈ, சி வரைக்கும் வந்ததும் நாக்கு தானாக எஃப்.சி. என்று திரும்பிவிடுகிறது. நாக்கைக் குறை சொல்லவும் முடியாது, நாலு வருஷம் வாடகைக் கார் ஓட்டியவன் நாக்கு வேறு எங்கே போகும்? பி, ஈ, சி, எஃப், அப்புறம் என்ன? சட்டைப் பையில் சீட்டு இருக்கிறது. எடுத்துப் பார்த்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்டாட்டி உலகம்மாள் அது என்ன சீட்டு என்பாள். ஆவுடையப்பன் பையை வெளியிலிருந்தே தடவிப் பார்த்துக்கொண்டார். இருந்தது. கையில் முப்பத்தொன்றாம் நம்பர் டோக்கன். கண் டாக்டர் அறைக் கதவுக்கு மேலே சிவப்பில் இருபத்தேழு எரிந்தது. இடது கண்ணால் பார்த்தால் இருபத்தேழு. வலது கண்ணால் பார்த்தால் யாரோ விரலில் திருநீறைத் தொட்டு இழுவினதுபோல நடுவில் ஒரு சாம்பல் தீற்றல், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. சர்க்கரை செய்த வேலை. போன வருஷம் மதுரையில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, "போனது போனதுதான் சார், மிச்சத்தைக் காப்பாத்திக்கிடுவோம்" என்றார். அந்தச் செய்தியை மதுரையிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறினார் ஆவுடையப்பன். பெண்டாட்டியிடம் சொல்லவில்லை, பெங்களூரில் இருக்கிற மகனிடமும் சொல்லவில்லை. இப்போது லைசென்ஸ் வருகிற பதினாலாம் தேதியோடு முடிகிறது. அறுபத்தெட்டு வயதுக்காரன் அதைப் புதுப்பிக்கக் கண் டாக்டர் கையெழுத்து வேண்டும். டாக்டர் ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி எழுத்து அட்டையைக் காட்டுவார், வாசித்தால் கையெழுத்து. பாளையங்கோட்டையில் மூன்று கண்ணாடிக் கடைகளில் ஃப்ரேம் பார்க்கிற சாக்கில் ஏறி இறங்கி, மூன்றிலும் ஒரே அட்டைதான் என்று உறுதி பண்ணிக்கொண்டு, நல்ல கண்ணால் பார்த்து எழுதிவந்து, பத்து நாளாகக் குளியலறையில் பாடம். பள்ளிக்கூடத்தில் இப்படிப் படித்திருந்தால் கலெக்டர் ஆகியிருக்கலாம்.

உலகம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து எதிர்ச் சுவரில் இருந்த குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது முழங்கைக்கு உள்பக்கம் புதுப் பஞ்சும் பிளாஸ்திரியும். காலை ஏழு மணிக்கு இதே ஆஸ்பத்திரியின் மாடியில் டயாலிசிஸ் மெஷினில் படுத்தவள், பதினொன்றரைக்குத்தான் இறங்கினாள். செவ்வாயும் வெள்ளியும் இதுதான் வேலை, எட்டு மாதமாக. கூட ஏறுகிறவர்கள் எல்லாரும் இறங்கும்போது பிழிந்துபோட்ட துணியாக இறங்குவார்கள், வீல் சேரிலேயே வாய் திறந்து தூங்குவார்கள். மாடியில் இருக்கும் நர்ஸ்கூடக் கேட்டாள், "எல்லாரும் வண்டியில ஏறினதும் தூங்கிருவாங்க, நீங்க மட்டும் எப்படிப் பாட்டி தூங்காமப் பேசிக்கிட்டே போறீங்க?" ஆவுடையப்பனுக்கு அதில் ரொம்பப் பெருமை. அவள் உடம்பு இரும்பு. வீடு போய்ச் சேருகிற இருபத்தைந்து நிமிஷமும் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு வாய் ஓயாது. முன்னால் உட்காரச் சொன்னால் ஏசிக் காற்று முகத்தில் அடிக்கிறது என்பாள். அவருக்குப் பின்னால், வலது பக்க ஜன்னலோரம், அதுதான் அவள் இடம். மகன் போனில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டான், "அப்பா, ஒரு கால் டாக்ஸி சொல்லிருங்க, எதுக்கு இந்த வயசுல." எதுக்கா? அவளுக்கு ஊசி குத்த அவருக்குத் தெரியாது. உப்பில்லாமல் சமைக்க அவருக்குத் தெரியாது, உப்புப் போட்டும் தெரியாது. அவள் ரத்தம் குழாய்க்குள் போய் வருவதைப் பார்த்துக்கொண்டு உட்காரத் தைரியம் கிடையாது. கூட்டிக்கொண்டு வந்து கூட்டிக்கொண்டு போகத் தெரியும். அதையும் எவனோ ஒரு டிரைவரிடம் கொடுத்துவிட்டால் அவர் எதற்கு இருக்கிறார்? பி, ஈ, சி. எஃப்.சி. சனியன்.

எஃப்.சி. என்றால் மிக்கேல்தான். அவன் இல்லாமல் அந்த வார்த்தை தனியாக வருவதில்லை. எழுபத்தெட்டில் இரண்டு பேரும் பங்கு போட்டு ஒரு பழைய அம்பாசடரை வாங்கி, ஜங்ஷன் ஸ்டாண்டில் போட்டார்கள். இவர்களுக்கு முன்னால் ஒரு டாக்டர், ஒரு வக்கீல், ஒரு ஜவுளிக்கடைக்காரர், மூன்று பேரும் ஓட்டித் தள்ளிய வண்டி. அதில் ஹார்ன் தவிர எல்லாம் சத்தம் போடும் என்று ஸ்டாண்டில் சொல்வார்கள், அது பழைய நகைச்சுவை, ஆனால் பொய்யில்லை. ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு கை மஞ்சள்தூள். கொதிக்கிற தண்ணீரில் மஞ்சள் சுற்றி வந்து ஓட்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும், அம்பாசமுத்திரம் போய்த் திரும்புகிறவரை தாங்கும், பானெட்டைத் திறந்தால் பொங்கல் வீட்டு வாசனை அடிக்கும். பெட்ரோல் டாங்கி கசிந்தால் துணி சோப்பைப் பிசைந்து அப்பவேண்டியது. ஃபேன் பெல்ட் அறுந்து ஒரு தடவை ஆலங்குளம் தாண்டி நின்றபோது, வண்டியில் வந்த கல்யாணக்காரர்கள் பொருமிக்கொண்டிருக்க, மிக்கேல் தன் வேட்டியில் கரைப்பக்கம் நீளமாகக் கிழித்து முறுக்கி முடிச்சுப் போட்டு ஓட்டிவந்தான். மிச்ச வேட்டி முழங்காலுக்கு மேலே நின்றது. கல்யாண வீட்டில் அவனைச் சமையல்காரன் என்று நினைத்துக் கரண்டியைக் கொடுத்தார்கள். தீப்பொறி எடுக்கிற பாயிண்ட் கரி பிடித்தால் தீப்பெட்டியின் பக்கத்துத் தாளைக் கிழித்துத் தேய்ப்பது, ஃபியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. பின் அச்சில் பல்சக்கரம் தேய்ந்து ஓநாய் மாதிரி ஊளையிட்டபோது வாழைப்பழம். ஆயிலோடு பழத்தைப் பிசைந்து உள்ளே விட்டால் சத்தம் அமுங்கிவிடும், ஒரு வாரத்துக்கு. கதலிதான் நன்றாகக் கரையும் என்பது ஆவுடையப்பன் கட்சி. "ஏல, கதலி வயித்துக்கு. கியருக்கு நாட்டுப்பழம்தாம்ல. அதுவும் தோலோட போடணும், தோலுலதாம்ல சத்து" என்பான் மிக்கேல். இதற்காக இரண்டு பேரும் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசாமல் இருந்தார்கள். நினைத்தால் இப்போதும் சிரிப்பு வந்தது. சிரித்தால் உலகம்மாள் திரும்பிப் பார்ப்பாள் என்று இருமலாக மாற்றினார். அவள் திரும்பித்தான் பார்த்தாள். "தண்ணி வேணுமா?" என்றாள். வேண்டாம் என்று தலையாட்டினார். இருபத்தெட்டு.

வருஷத்துக்கு ஒருநாள் இந்த வித்தை எதுவும் செல்லாது. அதுதான் எஃப்.சி. வண்டி ரோட்டில் ஓட லாயக்கா என்று அரசாங்கம் பார்க்கிற நாள். பார்க்கிறவர் பிரேக் இன்ஸ்பெக்டர். அவர் குனிந்து முதலில் பார்ப்பது டயரை. இவர்கள் டயரோ நாலும் வழுக்கை, உள்ளே நூல் தெரியும். அதற்கென்ன, ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு, எஃப்.சி.க்குப் போகிறவனுக்கு டயர் இரவல். யாரிடம் புது டயர் இருக்கிறதோ அவன் வண்டி அன்றைக்குக் காலையில் செங்கல் மேல் நிற்கும், அவன் சக்கரம் நாலும் இவன் வண்டியில் மாட்டி ஆபீசுக்குப் போகும். சான்றிதழ் வாங்கிய கையோடு திருப்பி மாட்டிவிட வேண்டும், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால். இதில் யாரும் ஏமாற்றியது கிடையாது. அரசாங்கத்தை ஏமாற்றுகிற காரியத்தில் அப்படி ஒரு நேர்மை. இரவல் டயரில் வண்டி ஓட்டும்போது ஒரு சுகம் இருக்கும், பிறத்தியான் வீட்டு மெத்தையில் படுத்த மாதிரி. டயராவது இரவல் கிடைக்கும், ஹேண்ட் பிரேக்? அது செத்து வருஷக்கணக்காயிற்று. ஆபீஸ் பின்பக்கம் ஒரு சரிவு, அதில் ஏற்றி நிறுத்தி ஹேண்ட் பிரேக்கைப் போடச் சொல்வார் இன்ஸ்பெக்டர். காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டு கையால் இழுக்கிற மாதிரி பாவனை பண்ணலாம். ஆனால் மிதித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரியும், காட்டிக்கொடுத்துவிடும். மிக்கேல் ஒரு ராத்திரி யோசித்து, அந்த விளக்கின் வயரை அறுத்து, டாஷ்போர்டுக்கு அடியில் வீட்டு ஸ்விட்ச் ஒன்றில் கொண்டுவந்து கொடுத்தான். இன்ஸ்பெக்டர் விளக்கைப் பார்க்கும்போது இடது கையால் ஸ்விட்சைப் போடவேண்டியது, சரிவில் நிற்கும்போது அணைக்கவேண்டியது. நின்றது வண்டி. பின்னால் நின்றவர் விளக்கு எரியவில்லை, வண்டி நகரவில்லை என்று கண்டு, தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டார். ஆவுடையப்பன் வலது கால் வெடவெடவென்று ஆடியது. வெளியே வந்ததும் மிக்கேல் அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினான். என்ன வயசு, இருபத்துமூணு.

இப்போது யாரும் தூக்கிச் சுற்ற வேண்டாம், ஒரு கையெழுத்துப் போதும். ஓட்டுவதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. எல்லாம் ஒழுங்கு பண்ணிவிட்டார். கார் ஷெட்டில் மேலேயிருந்து கயிற்றில் ஒரு ரப்பர் பந்தைத் தொங்கவிட்டிருக்கிறார், கண்ணாடியில் பந்து இடித்தால் போதும், நிறுத்திவிடலாம். ரோட்டில் முன்னால் போகிற டவுன் பஸ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டே போவார், பஸ் நின்றால் நிற்பார், யாரையும் முந்துவதில்லை. வலது பக்கம் திரும்புவதை விட்டுவிட்டார். வலதுக்குத் திரும்பினால் எதிரில் வருகிறவனைப் பார்க்க வேண்டும், அதற்குப் பதில் மூன்று தடவை இடது பக்கம் திரும்பினால் அதே ரோடு வந்துவிடும். கணக்கு ஒன்றுதான், கொஞ்சம் பெட்ரோல் அதிகம். மஞ்சள்தூளும் சோப்பும் மாதிரிதான் இதெல்லாம். ஓடுகிறவரை ஓடும். போன வெள்ளிக்கிழமை மட்டும். அதை நினைக்கக்கூடாது என்று வைத்திருந்தார். ஈ. எஃப், பி. முருகன்குறிச்சி பக்கம், தீற்றலுக்குள் ஒன்றுமே இல்லை, வெறும் ரோடு. டி, ஓ, இசட். பின்னாலிருந்து உலகம்மாள், "அந்தப் பச்சைச் சட்டைப் பிள்ளையைப் பாத்தீயளா, ஸ்கூட்டர்ல எப்படி முன்னால நிக்கி" என்றாள். எந்தப் பிள்ளை என்று தலையைத் திருப்பியவர் தன்னையறியாமல் பிரேக்கை மிதித்தார். ஸ்கூட்டர் பம்பரை உரசுகிற மாதிரி போயிற்று. முன்னால் நின்ற குழந்தை அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனது. அவள் வாய் ஓயாதது நல்லதாகப் போயிற்று. தற்செயல். கடவுள் செயல். எல், பி, ஈ, டி. உள்ளங்கை வேர்த்து டோக்கன் நனைந்துவிட்டது. இருபத்தொன்பது.

கை என்றால் மிக்கேலின் இடது கை. அங்கேயும் போகக்கூடாதுதான், ஆனால் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கூடவே வருகிறது. எஃப்.சி. வாங்கி இரண்டு மாதம் இருக்கும். பாபநாசம், அணைக்குப் போகிற மேட்டில் சவாரி. இரவல் டயரை அன்றைக்கே திருப்பிக் கொடுத்தாயிற்று, ஹேண்ட் பிரேக் செத்தது செத்ததுதான். அதற்குப் பதில் டிக்கியில் ஒரு கருங்கல் கிடக்கும். அந்தக் கல்லுக்கே ஹேண்ட் பிரேக் என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். மேட்டில் நிறுத்தினால் ஆவுடையப்பன் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க வேண்டும், மிக்கேல் இறங்கிக் கல்லைப் பின் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்துவிட்டு டிக்கியில் இரண்டு தட்டுத் தட்டுவான். தட்டினால் காலை எடுக்கலாம். நூறு தடவை செய்த காரியம். அன்றைக்கும் மிக்கேல் இறங்கினான். ஆவுடையப்பன் காது கொடுத்துக்கொண்டிருந்தார். டப், டப். காலை எடுத்தார். தட்டியது மிக்கேல் இல்லை. பின்கதவு சரியாகச் சாத்தவில்லை என்று சவாரிக்கு வந்த அம்மாள் ஒருத்தி இரண்டு தடவை அடித்துச் சாத்தியிருக்கிறாள். வண்டி அரை அடிதான் பின்னால் போனது. மிக்கேல் கல்லை விட்டுக் கையை எடுக்கவில்லை. மோதிர விரலும் சுண்டு விரலும் போயின. அவன் கத்தவில்லை என்பதுதான் ஆவுடையப்பனுக்கு இன்றுவரை தாங்கவில்லை. "ஏல, முன்னால எடு" என்று மட்டும் சொன்னான், டீக்கடைக்காரனிடம் வழி கேட்கிற குரலில். அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தபோது, "நீ என்னல செய்வ? ரெண்டு தட்டு கேட்டுச்சு, எடுத்துட்ட" என்றான். அப்புறம், "பிரேக் இன்ஸ்பெக்டரை ஏமாத்திப்புட்டோம்ல, மேட்டைத்தான் ஏமாத்த முடியல" என்று சிரித்தான். ஆவுடையப்பனால் சிரிக்க முடியவில்லை. வண்டியை விற்றார்கள். மிக்கேல் அந்த எட்டு விரலோடு முப்பது வருஷம் லாரி ஓட்டி, மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்து, இப்போது தூத்துக்குடியில் பேரனோடு கேரம் ஆடுகிறான். எப்போதாவது போன் போட்டால் வாழைப்பழக் கதையைத்தான் பேசுவான், விரலைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

முப்பது எரிந்தது. அடுத்தது இவர்தான். ஒரு தடவை முழுக்கச் சொல்லிப் பார்த்துவிடலாம். கண்ணை மூடினார். ஈ. எஃப், பி. டி, ஓ, இசட். எல், பி, ஈ, டி. பி, ஈ, சி. உதடு அசைந்ததா, குரலே வந்துவிட்டதா தெரியவில்லை. பி, ஈ, சி. பி, ஈ, சி. "எஃப், டி" என்றாள் உலகம்மாள். குழந்தைப் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், பல்பொடி தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள். ஆவுடையப்பன் கண்ணைத் திறந்தார். முதலில் தோன்றியது, சரிதான், எஃப், டி, இதுதானே. அப்புறந்தான் சொன்னது யார் என்று உறைத்தது. "உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். "பத்து நாளா குளிக்கையில அதத்தானே படிக்கீய, எனக்கும் பாடமாயிட்டு." "கண்ணு?" "அதுவுந்தான்." "எப்ப இருந்து?" "ரைட்ல திரும்பாம ஊரைச் சுத்திக்கிட்டுப் போக ஆரம்பிச்சீயள்லா, அப்ப இருந்து." அவள் வண்டியில் பேசினதெல்லாம் அவருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அந்தா ஒரு ஆட்டோக்காரன் எப்படி வாரான் பாருங்க. இந்த வெள்ளைக் கார் நம்ம ஜோசப் வாத்தியார் வண்டி மாதிரியே இருக்கு. பச்சைச் சட்டைப் பிள்ளை. ஏசிக் காற்றும் இல்லை ஒன்றும் இல்லை, வலது பக்க ஜன்னல். நாலரை மணிநேரம் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வந்தவள், பின்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டே வந்திருக்கிறாள், டப், டப் என்று. ஒருநாள் தலை சுற்றிச் சாய்ந்துவிட்டால்? ஒரு வார்த்தை பிந்தினால்? தட்டுகிறவன் கைதான் சக்கரத்துக்கு அடியில் இருக்கும். அவருக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். "தெரிஞ்சுக்கிட்டு எதுக்குட்டி வண்டியில ஏறுன?" என்றார், குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. எதிரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். உலகம்மாள் கையிலிருந்த பிளாஸ்திரியை நகத்தால் நெருடினாள். "நான் ஏறலன்னா நீங்க வீட்டுல என்ன செய்வீய?" என்றாள்.

முப்பத்தொன்று. உள்ளே இருந்த டாக்டர் சின்னப் பெண், அவர் மருமகள் வயதுகூட இருக்காது. காகிதத்தைப் பார்த்துவிட்டு, "லைசென்ஸுக்கா சார்? உட்காருங்க. இடது கண்ணை உள்ளங்கையால மூடிக்கோங்க" என்றாள். மூடினார். அட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெளிச்சம், அதன் நடுவில் தீற்றல். "மேல இருந்து வாசிங்க." "ஈ" என்றார். "ம்." "எஃப், பி." "ம், அடுத்தது." எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றது, ஐந்தாவது வரியும் இப்போது பிசகில்லாமல், எஃப், டி, அவள் குரலிலேயே. சொல்லிவிட்டால் கையெழுத்து. பேனாவின் மூடியைத் திறக்கிற சத்தம்கூடக் கேட்டது. பழைய வலது கால் வெடவெடத்தது, மிதிக்க ஒன்றும் இல்லாமல். "மத்தது பாடம் பண்ணுனது டாக்டர்" என்றார் ஆவுடையப்பன். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. "என்ன சார்?" "கண்ணு தெரிஞ்சு சொல்லல. மனப்பாடமாச் சொல்லுதேன்." "அப்ப, முதல்ல ஈன்னு சொன்னது?" "அதுவும்." அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்காமல் பேனாவை மூடினாள். சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, இரண்டு கண்ணையும் வெகுநேரம் பார்த்தாள். இடதிலும் லேசாக ஆரம்பித்திருக்கிறது, இதற்குக் கையெழுத்துப் போட முடியாது, அடுத்த வாரம் ஊசி போட வரவேண்டும், இனிமேல் வண்டியை எடுக்கக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சரி, சரி, சரி என்று கேட்டுக்கொண்டார். எழுந்து கதவைத் திறக்கும்போது அழுகை வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. பசித்தது.

கார் ஆஸ்பத்திரி மைதானத்தில் வேப்பமரத்தடியில் நின்றது. சொட்டு மருந்தில் வெயில் கண்ணைக் குத்தியது, காரின் ஓரமெல்லாம் கரைந்து தெரிந்தது. மகன் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளட்டும். கதவைத் திறந்து உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், போதாதென்று இன்னொரு தடவை இழுத்தார். நல்ல பிரேக், சமதரை. ஆனாலும் இறங்கிச் சுற்றிப் பார்த்து, மரத்தடியில் கிடந்த ஒரு கல்லைக் காலால் நகர்த்திக்கொண்டுவந்து பின் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தார். உலகம்மாள் வாசல் கேட்டுக்குப் போய்க் கையைக் காட்டி ஆட்டோவை நிறுத்தியிருந்தாள். ஏறினார்கள். டிரைவர் சின்னப் பையன் இல்லை, நாற்பது வயதுக்காரர், நிதானமாக எடுத்தார், கேட்டைத் தாண்டியதும் வலது பக்கம் திரும்பினார். எட்டு மாதத்தில் அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை, அங்கே ஒரு புது மருந்துக்கடை வந்திருக்கிறது. உலகு, இந்தக் கடை எப்ப வந்துச்சு என்று கேட்க ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். தோளில் பாரம் விழுந்தது. முருகன்குறிச்சிகூட வரவில்லை, அதற்குள் அவள் வாயைத் திறந்து, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். "மெதுவா போங்க தம்பி" என்றார் டிரைவரிடம்.